கன்மலையின்மேல் இருப்பதும், கன்மலையோடு இணைந்திருப்பதும்



மலைப்பிரசங்கத்தின் முடிவில் ஆண்டவர் சொன்ன இரண்டு வீடுகளின் உவமையை அறியாதவர் நம்மில் ஒருவரும் இலர். ஓய்வுநாள் பாடசாலையில் கைகளை அசைத்துப் பாடிய பிராயத்திலேயே அது நம் உள்ளத்தில் பதிந்துவிட்டது. மிகவும் பழகிப்போன வேதபகுதிகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. நாம் அவற்றை வாசிப்பதை நிறுத்திவிட்டு, நினைவுகூர மட்டும் செய்வோம். இந்த உவமையையும் "கன்மலை நல்லது, மணல் கெட்டது" என்கிற அளவில் சுருக்கி வைத்திருக்கிறோம். நாம் ஞானஸ்நானம் பெற்றவர்கள், திடப்படுத்தல் ஆராதனையில் முழங்காற்படியிட்டவர்கள், தாத்தா காலத்திலிருந்து சபைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள். ஆகவே நாம் கன்மலையின்மேல் இருக்கிறோம், நம் வீடு நிற்கும் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இந்த எண்ணத்தில் பாதி மெய் இருக்கிறது. மீதிப் பாதி ஆபத்தானது என்பதே இவ்வாரம் நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து. கன்மலையின்மேல் வைக்கப்பட்ட வீடு ஒன்று. கன்மலையோடு இணைக்கப்பட்ட வீடு மற்றொன்று. அமைதியான நாளில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அவற்றின் வேறுபாடு அசைவு வரும் நாளில்தான் வெளிப்படும்.

இதைக் கட்டடத் தொழிலைக்கொண்டே விளக்க முற்படுகிறேன். காரணம், புனேயில் வாழும் தமிழ்ச் சபையாராகிய நமக்கு இந்தப் பாடம் காலடியிலேயே கிடக்கிறது. நம்மில் பலர் நகரின் எல்லைகளில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் தோண்டும் இந்தத் தக்காணத்து நிலம் முழுவதும் எரிமலைப் பாறை. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் பிளவுகளிலிருந்து எரிகுழம்பு அலையலையாகப் பாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து உறைந்ததே இக்கரிய பாறை என்று புவியியலார் கூறுகின்றனர். இன்றைக்கும் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை அது மூடியிருக்கிறது.

கலிலேயாவின் கரும்பாறை

ஆண்டவர் உவமை சொன்ன நாட்டிலும் இதே வகைப் பாறை உண்டு என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். கலிலேயாக் கடலின் வடகரையில் உள்ள நிலம் எரிமலைப் பாறையால் ஆனது. கப்பர்நகூமில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடுகளின் சுவர்கள் செதுக்கப்படாத கருங்கற்களால் கட்டப்பட்டவை. இடுக்குகளில் சிறு கற்களும் மண்ணும் அடைக்கப்பட்டிருந்தன. அங்கே இன்று பயணிகள் காணும் வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் ஜெபஆலயம் பிற்காலத்தது. அதன் அடியில் கரும்பாறைக் கற்களாலான அஸ்திபாரம் இருக்கிறது. கோராசினின் ஜெபஆலயமும் அதே கருங்கல்லால் கட்டப்பட்டதே.

இந்தக் கப்பர்நகூமும் கோராசினும் எவ்விதப்பட்ட ஊர்கள் என்று மத்தேயு 11-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டவருடைய அற்புதங்களை மிகுதியாய்க் கண்ட ஊர்கள் அவை. அவருடைய வார்த்தைகளை மிகுதியாய்க் கேட்ட ஊர் கப்பர்நகூம். ஆனாலும் அவை மனந்திரும்பவில்லை என்று அவர் அவற்றைக் கடிந்துகொண்டார். கரும்பாறையின்மேல், கரும்பாறைக் கற்களாலேயே கட்டப்பட்டு, வாக்குமாறாத மெய்யான கன்மலையாகிய கிறிஸ்துவின் அருகிலேயே இருந்த ஊர்களை இன்று அகழ்வாராய்ச்சியாளர் தோண்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. அருகில் இருந்தது அவற்றைக் காக்கவில்லை.

உவமையின் மூலமொழியிலும் இந்த நுட்பம் இருக்கிறது. வீடு விழாததற்குக் காரணம் கூறும்போது மத்தேயு பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல், அஸ்திபாரம் என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. வீடு கன்மலையின்மேல் "இருந்தது" என்று அவர் சொல்லவில்லை. அதற்கு அங்கே அஸ்திபாரம் இடப்பட்டிருந்தது என்கிறார். லூக்கா இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். தோண்டினான் என்று ஒரு வினையும், ஆழப்படுத்தினான் என்று மற்றொரு வினையும் அவர் எழுதுகிறார். ஒரு முறை தோண்டியதோடு அந்த மனிதன் நிற்கவில்லை.

அதைவிட முக்கியமானது மற்றொன்று. இரண்டு மனிதரும் வார்த்தையைக் கேட்டவர்கள். கேட்டவன் ஒருவன், கேளாதவன் ஒருவன் என்று ஆண்டவர் பிரிக்கவில்லை. இருவரும் ஆராதனைக்கு வந்தவர்கள். இருவரும் பிரசங்கத்தைக் கேட்டவர்கள். ஒருவேளை ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்களாகவும் இருக்கலாம். கேட்டபடி செய்தது ஒன்றே அவர்களைப் பிரித்தது. அப்படியானால் கேட்பது நம்மைக் கன்மலையின் அருகே கொண்டுவந்து நிறுத்துகிறது. கீழ்ப்படிதலே நம்மை அதோடு இணைக்கிறது.

பாறை என்று தோன்றுவதெல்லாம் பாறையா?

எரிமலைப் பாறையில் வீடு கட்டுகிறவர் முதலாவது கற்றுக்கொள்வது, பாறையைத் தட்டிப் பார்ப்பதாகும். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவில் எரிகுழம்பு இரண்டு விதமாக உறைகிறது. வழவழப்பாகவும் கயிறு முறுக்கியது போலவும் உறைவதை அவ்வூரார் பாஹோயிஹோயி என்பர். கூரிய துண்டுகளாக உடைந்து உறைவதை ஆஆ என்பர். பின்னதில் மேலே கிடப்பவை ஒன்றோடொன்று ஒட்டாத உதிரித் துண்டுகள். அவற்றை அகற்றினால்தான் அடியில் உள்ள கெட்டியான பாறை கிடைக்கும். முன்னது மேற்பார்வைக்கு உறுதியான தளம். ஆனால் மேற்பரப்பு உறைந்தபின் உள்ளே ஓடிய குழம்பு வடிந்துபோனதால், கீழே நீண்ட குகை இருக்கக்கூடும். கிலாவெயா எரிமலையின் சரிவிலுள்ள கசுமுரா என்னும் குகை 65 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ளது. அதன் மேலே மனிதர் வீடு கட்டி வாழ்கின்றனர். ஆகவே அங்கே அனுபவமுள்ளவர்கள் சுத்தியலால் தட்டி, ஒலி வெற்றொலியாக இருக்கிறதா என்று கேட்பார்கள், துளையிட்டும் பார்ப்பார்கள்.

நம் தக்காணத்துப் பாறைக்கும் இது பொருந்தும். மேலே கரிசல் மண். மழைக்காலத்தில் அது நீரை உறிஞ்சி வீங்கும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் அஸ்திபாரம் போட்டால் சுவர் விரிசல் விடும் என்பது இங்குள்ள மேஸ்திரிகள் அனைவருக்கும் தெரியும். கரிசலுக்குக் கீழே முரம், அதாவது சிதைந்த பாறை. அதற்கும் கீழே கெட்டியான கரும்பாறை. அதைக் கண்டவுடன் "பாறை வந்துவிட்டது" என்று வேலையை நிறுத்திவிடத் தோன்றும். ஆனால் ஓர் எரிகுழம்புப் படிவுக்கும் அடுத்த படிவுக்கும் நடுவே, சில இடங்களில் செந்நிறக் களிமண் அடுக்கு ஒன்று மறைந்திருக்கும். நீர் பட்டால் அது இளகும். மேலே உள்ள பாறை எவ்வளவு தடிமன், அதன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பாறையை நம்புகிறவன், தன் கண்களை மட்டும் நம்புகிறான்.

பிரியமானவர்களே, நாம் பக்தி என்று அழைக்கும் பலவற்றையும் இப்படித் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெற்றோரின் விசுவாசம் உறைந்து நமக்கு மேற்பரப்பாக அமைந்திருக்கலாம். அது மெய்யான விசுவாசமே. ஆனால் உள்ளே ஓடியது எப்போதோ வடிந்துபோய், இப்போது வெறுமையாக இருக்கக்கூடும். பிள்ளைகள் வேலைக்காக வேறு நாட்டுக்குப் போன ஓராண்டிலேயே ஆராதனையை விட்டுவிட்டார்கள் என்று பெற்றோர் பலர் என்னிடம் கண்ணீரோடு கூறுவதுண்டு. அந்நிய நகரம் அவர்களைக் கெடுத்துவிட்டது என்பார்கள். நகரத்தின்மேல் மட்டும் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. அந்தத் தளம் இங்கே இருக்கும்போதே உள்ளே வெறுமையாக இருந்ததா என்று, அவர்கள் வீட்டில் இருந்த நாட்களில் தட்டிப் பார்த்தவர் யார்? பெற்றோரும் போதகரும் மூப்பரும் சேர்ந்து விடை தேட வேண்டிய கேள்வி இது.

எடை ஒரு பிடிப்பாகாது

ஹவாய்த் தீவின் பழைய வீடுகள் பல, தரைக்கு மேலே மரத்தூண்களில் நிற்பவை. கரடுமுரடான எரிகுழம்புப் பாறையைச் சமப்படுத்துவது பெருஞ்செலவு. ஆகவே ஆங்காங்கே கான்கிரீட் கட்டைகளைப் பாறைமேல் வைத்து, அவற்றின்மேல் தூண்களை நிறுத்தி வீட்டைக் கட்டினார்கள். பல வீடுகளில் தூணும் கட்டையும் எதனாலும் பிணைக்கப்படவில்லை. கட்டையும் பாறையோடு பிணைக்கப்படவில்லை. வீட்டின் எடையே வீட்டை அங்கே வைத்திருந்தது.

2006 அக்டோபர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி அளவில் அத்தீவின் மேற்குக் கரையருகே 6.7 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சில நிமிடங்களில் மற்றொன்றும் தொடர்ந்தது. அவ்விதம் கட்டப்பட்ட வீடுகள் பல, தங்கள் கட்டைகளிலிருந்து நழுவி இறங்கின. பாறை உடையவில்லை, வீட்டின் மரமும் உளுத்துப்போயிருக்கவில்லை. நடுவே இருக்க வேண்டிய பிணைப்பு மட்டும் இல்லாதிருந்தது. அதே நாளில், தீவின் வடபகுதியில் 1855-ஆம் ஆண்டு முதல் நின்றிருந்த கலாஹிகியோலா ஆலயத்தின் தடித்த கற்சுவர்களும் இடிந்தன. சபையார் பின்னர் அதை மீண்டும் எழுப்பினர். ஆலயம் என்பதற்காகப் பூமி தன் அசைவை நிறுத்திக்கொள்வதில்லை.

பாரத்தைத் தாங்குவது பாறைக்கு எளிது. வீடு கீழ்நோக்கி அழுத்தும்வரை எந்தக் கம்பியும் தேவையில்லை என்றே தோன்றும். பக்கவாட்டில் தள்ளும் நிலநடுக்கமும், கூரையைப் பிடித்து மேல்நோக்கி இழுக்கும் பெருங்காற்றும் வரும்போதுதான் கம்பியின் வேலை தொடங்குகிறது. 1992 செப்டம்பரில் இனிக்கி என்னும் சூறாவளி ஹவாயின் கவாய்த் தீவைத் தாக்கியபோது 1,400-க்கும் மேற்பட்ட வீடுகள் முற்றிலும் அழிந்தன. கூரை சுவரோடும், சுவர் அஸ்திபாரத்தோடும், அஸ்திபாரம் நிலத்தோடும் இடைவிடாமல் பிணைக்கப்பட வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் இத்தகைய அழிவுகளிலிருந்து வலியுறுத்துகின்றனர். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் மற்றவற்றால் பயனில்லை.

நம் சபை வாழ்வில் பலவற்றை எடையே நிலைநிறுத்தி வைத்திருக்கிறது என்று நான் கருதுகிறேன். பழக்கத்தின் எடை, குடும்பப் பெயரின் எடை, "நாலு பேர் என்ன நினைப்பார்கள்" என்பதன் எடை. அவை தீயவை அல்ல. அமைதியான நாட்களில் நம்மை இடத்தில் வைத்திருக்கவும் செய்கின்றன. ஆனால் பக்கவாட்டிலிருந்து ஒரு தள்ளல் வரும்: கணவருக்கு வேலை போகும், மருத்துவர் ஒரு நோயின் பெயரைச் சொல்வார், சொத்துப் பிரிவினையில் உடன்பிறந்தவர் வழக்குத் தொடுப்பார். அந்த நாளில் பழக்கத்தின் எடை நம்மைப் பிடித்து வைக்காது.

துளையிடுதலும் தூசியும்

அப்படியானால் பாறையோடு வீட்டை எப்படி இணைக்கிறார்கள்? முதலில் உதிரும் மேற்பகுதியை நீக்கி, கெட்டிப் பாறையை வெளிக்கொணர்கிறார்கள். பாறை சரிவாக இருந்தால், வழுக்கிவிடாதபடி அதைப் படிக்கட்டுபோல வெட்டிச் சமப்படுத்துகிறார்கள். பின்பு டிரில் மெஷினால் துளையிடுகிறார்கள். 16 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பிக்கு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் துளை, பொறியாளர் கணக்கிட்ட ஆழத்திற்கு. அந்தத் துளையைத் தூரிகையால் தேய்த்து, காற்றடித்து, மீண்டும் தேய்த்து, மீண்டும் காற்றடிக்கிறார்கள். எபாக்சிப் பசையையோ சுருங்காத சிமென்ட் கூழையோ, உள்ளே காற்று தங்காதபடி, அடியிலிருந்து மேலாக நிரப்புகிறார்கள். கம்பியை மெல்லத் திருகி இறக்குகிறார்கள். அதன்பின் அது இறுகும்வரை எவரும் தொடக் கூடாது. இறுகியபின், வெளியே நீண்டிருக்கும் கம்பி முனைகளை அஸ்திபாரக் கம்பிகளோடு கட்டி, கான்கிரீட் இடுகிறார்கள். அதுமுதல் வீட்டைத் தள்ளுகிற விசையைப் பாறையும் சேர்ந்து எதிர்த்து நிற்கிறது.

இந்த வேலையில் பெரும்பாலும் தவறு நேர்வது தூசியில்தான். துளையிடும்போது உண்டாகும் மாவு துளையின் சுவரில் படிந்திருக்கும். அதை அகற்றாவிட்டால் பசை பாறையைப் பிடிக்காது, தூசியைப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து பார்க்கிறவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. இழுத்துப் பார்த்தால் கம்பி தூசியோடு வெளியே வந்துவிடும். இதைக் கவனியுங்கள்: அந்தத் தூசி வேறெங்கிருந்தும் வந்ததல்ல. அதே பாறையிலிருந்து வந்ததுதான். ஆனாலும் பாறையின் வேலையை அது செய்யாது.

வேதத்தைப் பற்றிய நம் பேச்சு இந்தத் தூசியைப் போல ஆகிவிடக்கூடும். வேத வினாவிடைப் போட்டிகளில் பரிசு பெறுகிறோம். மனப்பாட வசனங்களை ஒப்பிக்கிறோம். காலைதோறும் வாட்ஸ்அப்பில் வசனப் படங்களை அனுப்புகிறோம். எல்லாம் கன்மலையிலிருந்து வந்தவையே. அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. துளையிடும்போது தூசி உண்டாவது இயல்பு. ஆனால் நம் நம்பிக்கை அந்தத் தூசியைப் பற்றிக்கொண்டு, அதையே கன்மலை என்று எண்ணினால் இழப்பு நமக்கே. மலைப்பிரசங்கம் என்ன கேட்கிறது? காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகும்படி கேட்கிறது. சொன்ன சொல்லில் நிற்கும்படி கேட்கிறது. பகைக்கிறவனுக்காக ஜெபிக்கும்படி கேட்கிறது. தர்மத்தை அந்தரங்கத்தில் செய்யும்படி கேட்கிறது. இவற்றை நன்றாக விளக்கத் தெரிந்தவர்கள் நம் சபையில் பலர் உண்டு, போதகனாகிய நான் உட்பட. விளக்கம் துளையில் படியும் மாவு. போய் ஒப்புரவாவதே கம்பி.

இறுகும்வரை தொடக் கூடாது என்பதிலும் நமக்கு ஒரு புத்தி உண்டு. புதிதாக மனந்திரும்பிய வாலிபனை அடுத்த மாதமே மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம். அதற்கடுத்த மாதம் வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பைக் கொடுக்கிறோம். ஆர்வத்தில் செய்கிறோம் என்றாலும் இது சரியல்ல. ஈரமான பசையில் நிற்கும் கம்பியின்மேல் பாரத்தை ஏற்றுகிறோம். அவன் தளர்ந்தபின் அவனையே குறைகூறுகிறோம்.

ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாத கற்கள்

இந்த மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு பெருந்துயரத்தையும் இங்கே நினைவுகூருவது தகும். 1993 செப்டம்பர் 30 அதிகாலை, 4 மணிக்குச் சற்று முன், லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களில் கில்லாரியைச் சுற்றியுள்ள கிராமங்களை நிலநடுக்கம் தாக்கியது. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு மக்கள் உறங்கச் சென்ற இரவு அது. ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். அவ்வீடுகளின் சுவர்கள் மெலிந்தவை அல்ல. இரண்டு, மூன்று அடித் தடிமன் உள்ளவை. அதே தக்காணத்துக் கருங்கற்கள்தான். ஆனால் கற்கள் உருண்டையானவை. நடுவே சேற்று மண். உள்வரிசை ஒன்று, வெளிவரிசை ஒன்று என இரண்டு அடுக்காக எழுப்பப்பட்ட சுவரில், இரண்டையும் குறுக்கே பிணைக்கும் நீளக்கற்கள் இல்லை. கூரையின்மேல் கனத்த மண். பூமி அசைந்தபோது இரு வரிசைகளும் பிரிந்தன, கூரை இறங்கியது.

பின்னர் எஞ்சிய வீடுகளை உறுதிப்படுத்தியபோது பயன்படுத்திய முறைகளுள் ஒன்று எளிமையானது. சுவரில் சில கற்களை மெல்ல உருவி, குறுக்கே ஒரு துளை உண்டாக்கி, கொக்கியுள்ள கம்பி ஒன்றை வைத்து, கான்கிரீட்டால் நிரப்பினார்கள். அது இரு வரிசைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

இதில் சபைக்கு ஒரு செய்தி இருக்கிறது. கல் உறுதியாயிருப்பதும், சுவர் தடிமனாயிருப்பதும் போதவில்லை. நம் சபையிலும் உள்வரிசை, வெளிவரிசை உண்டு. பல தலைமுறையாக இங்கே இருப்போர் ஒரு வரிசை. அண்மையில் வேலைதேடி வந்தோர் மற்றொன்று. சொந்த வீட்டார் ஒரு வரிசை. வாடகை வீட்டார் மற்றொன்று. ஆராதனை முடிந்தபின் வாசலில் யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்று பார்த்தால் வரிசைகள் தெரியும். குறுக்கே செல்லும் நீளக்கல்லாக நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

கில்லாரியை வைத்து வேறொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வீடு இடிந்த மக்களைப் "புத்தியில்லாத மனுஷர்" என்று உவமையைச் சொல்லி நியாயந்தீர்க்கும் பிரசங்கங்கள் உண்டு. அதை நான் முற்றிலும் மறுக்கிறேன். அந்தக் கிராமத்தார் மூடர் அல்லர். கையில் கிடைத்த கல்லையும் மண்ணையும் கொண்டு, மூதாதையர் கட்டியபடி கட்டினார்கள். சிமென்ட்டும் கம்பியும் வாங்க அவர்களிடம் பணம் இல்லை. பிணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவரே மறுத்ததை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இரண்டு வீடுகளின் உவமை, கேட்டும் செய்யாதவனைக் கண்டிக்கிறது. கேட்கவே வாய்ப்பில்லாதவனை அடிக்க அதைத் தடியாகப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை.

இணைந்த வீடும் அழியலாமே?

உங்களில் சிலர் இப்படிக் கேட்கலாம்: சரியாக இணைக்கப்பட்ட வீடு என்றும் நிற்குமா? நேர்மையான விடை, இல்லை என்பதே. 2018 மே 3 அன்று கிலாவெயாவின் கீழ்ச்சரிவில், லெயிலானி என்னும் குடியிருப்பின் தெருக்களில் பூமி பிளந்து எரிகுழம்பு வெளிவந்தது. மறுநாள் 6.9 அளவுள்ள நிலநடுக்கம். அடுத்த சில மாதங்களில் 700-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அவற்றுள் நன்றாகக் கட்டப்பட்டவையும் இருந்திருக்கும். வீட்டுக்கு அடித்தளமான பாறையை உண்டாக்கிய அதே நெருப்பு, வீட்டை எடுத்துக்கொண்டது.

ஆகவே இந்த உவமையைச் சொத்துக்கான காப்பீட்டுப் பத்திரமாக வாசிக்கலாகாது. கீழ்ப்படிகிறவனுக்கு இழப்பு வராது என்று ஆண்டவர் சொல்லவில்லை. இரண்டு வீடுகளின்மேலும் ஒரே மழை பெய்தது; ஒரே வெள்ளம் மோதியது. இதைச் சொன்னவர் சிலுவைக்குப் போனவர். கிறிஸ்துவோடு இணைக்கப்பட்டவன் வீட்டை இழக்கலாம், உடல்நலத்தை இழக்கலாம், இறுதியில் உயிரையும் இழப்பான். ஆனால் அவன் கன்மலையிலிருந்து பிரிக்கப்படுவதில்லை. அதுவே நமக்கு அருளப்பட்ட வாக்குத்தத்தம். அதற்கு மேலாக ஒன்றை மேடையிலிருந்து வாக்களிப்பது நேர்மையாகாது.

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, வீடு கட்டுகிறவர்களுக்கு. அஸ்திபாரக் கல் வைக்கும் ஜெபத்திற்கு என்னை அழைக்கிறீர்கள், மகிழ்ச்சியோடு வருகிறேன். ஆனால் பூமாலையும் போட்டோவும் ஆயத்தமாகும் முன்பே, குழி திறந்திருக்கும்போதே அழையுங்கள். பாறையைப் பொறியாளர் பார்த்தாரா, துளைகளைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டபின் ஜெபிப்போம். அது அவிசுவாசம் ஆகாது. முகப்புக்கும் வாசற்கதவுக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை, எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் செலவிடுங்கள்.

இரண்டாவது, சபை நிர்வாகத்தாருக்கு. ஆலயத்தின் வர்ணப் பூச்சுக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் தாராளமாகச் செலவிடுகிறோம். நம் சபையில் ஒற்றை அறை வீட்டை மெல்ல மெல்லக் கட்டும் ஏழைக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குப் பொறியாளரின் ஆலோசனைக்கும் அஸ்திபாரக் கம்பிக்கும் ஆகும் செலவை, நன்றிக் காணிக்கையிலிருந்து ஏற்றுக்கொள்வது நம் கடமை என்று கருதுகிறேன். வரும் ஆலோசனைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகிறேன். மறுப்பவர்கள் இருந்தால் வந்து பேசுங்கள்.

மூன்றாவது, நம் அனைவருக்கும். இந்த வாரம் ஒரே ஒரு துளையை இடுங்கள். மலைப்பிரசங்கத்தை மத்தேயு 5 முதல் 7 வரை ஒரே அமர்வில் வாசித்து, உங்களைத் தைக்கிற ஒரு கட்டளையைத் தெரிந்துகொள்ளுங்கள். பேசாமல் விட்ட அண்ணனுக்குப் போன் செய்வதாக அது இருக்கலாம். திருப்பித் தராத கடனாக இருக்கலாம். வேலைக்காரப் பெண்ணின் நிலுவைச் சம்பளமாக இருக்கலாம். அதைப் பற்றிப் பிறருக்கு விளக்க வேண்டாம், செய்யுங்கள். பாறையில் துளையிடும்போது சத்தமும் அதிர்வும் உண்டு; கை வலிக்கும். மணலில் குச்சியை நடுவது அதைவிட எளிதுதான். ஆனால் மணலில் நட்ட குச்சியை அடுத்த அலையே எடுத்துக்கொள்ளும்.

ஜெபம்: எங்கள் கன்மலையாகிய ஆண்டவரே, உமது வார்த்தையை அநேகமுறை கேட்டிருக்கிறோம். கேட்டதோடு நின்றுவிடாமல், உம்மோடு இணைக்கப்பட்டவர்களாய் வாழ எங்களுக்குக் கிருபை தாரும். எங்களுக்குள் உதிருவதை நீக்கியருளும். வெறுமையாய் இருப்பதை வெளிப்படுத்தியருளும். எங்களை ஒருவரோடொருவர் பிணைத்தருளும். வீடிழந்தோரைத் தேற்றும், அவர்களுக்கு உதவும் கைகளாக எங்களை ஆக்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் வீட்டாரையும் ஆசீர்வதிப்பாராக.

ஊழியத்தில் உங்களோடு,
உங்கள் போதகர்